ஐந்து மணிக்குப் புது வருஷம்

இயேசு மரி சூசை துணை

கெவலார் பக்கம், ஜெர்மனி
7-1-2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

புது வருஷப் பூசைக்குப் போன இடத்தில் புதுச் செருப்பைப் பறிகொடுத்து, வீடு வரை வெறுங்காலோடு நடந்தீர்களாமே. சித்தி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எடுத்தவன் பாவசங்கீர்த்தன வரிசையில் எப்படியும் வந்து நிற்பான். முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

எங்கள் பங்குச் சாமியார் போகிறாரே, என்ன மரியாதை செய்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். பங்குப் பேரவைச் செயலாளராக எத்தனையோ சாமியார்களை மேளதாளத்தோடு வேன் வைத்து வழியனுப்பியவர் நீங்கள். உங்களுக்கு விவரமாக எழுதாவிட்டால் விடமாட்டீர்கள்.

இவருக்கு மாற்றல் இல்லை, ஓய்வு. 75 வயது ஆனால் பங்குத்தந்தை ஆயரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நம்மூரில் மாற்றல் லிஸ்ட் வந்தால் பாதிப் பங்கு ‘எங்கள் சாமியார் போகக் கூடாது’ என்று ஆயர் இல்லத்துக்கு வேன் எடுக்கும், மறுபாதி ‘போனால் போதும்’ என்று மாதாவுக்கு நேர்ந்துகொள்ளும். இங்கே அந்த ரெண்டும் கிடையாது. அவர் கடிதம் கொடுத்தார், ஆயர் ஏற்றுக்கொண்டார், பங்குச் செய்திமடலில் நாலு வரி வந்தது. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை உறைபனிக்காக மூடுகிறோம் என்று ஓர் அறிவிப்பு.

வழியனுப்பை டிசம்பர் 31-க்கு வைத்தார்கள். வருஷக் கடைசி நன்றிப் பூசையும் அன்றைக்குத்தான், மாலை 5 மணிக்கு. ஐந்து மணி, சித்தப்பா! நம்மூரில் அந்த நேரத்துக்குக் கொயர் பிள்ளைகள் கீபோர்டு வயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆறே காலுக்குப் பூசை முடிந்தால்தான் வீட்டுக்குப் போய், மேஜை நடுவில் மின் அடுப்பை வைத்து, ஆளுக்கொரு குட்டித் தட்டில் சீஸை உருக்கி உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட முடியும். ராக்லெட் என்று பெயர். நடுச்சாமத்தில் கோவில் பூட்டிக் கிடக்கும். சர்வேசுரன் அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுவார் போல.

கோவிலுக்குள் அப்படி ஒரு குளிர். 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது குறைத்த ஹீட்டரை எங்கள் பங்கில் யாரும் திரும்ப ஏற்றவில்லை. பெஞ்சு முனையில் போர்வைகள் மடித்து வைத்திருக்கும், எடுத்து முழங்காலில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று சாமியார் வாயைத் திறந்தால் முதலில் ஆவி வருகிறது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசிப் பூசையில் சாமியார் பங்கின் கணக்கை வாசிப்பார். காசுக் கணக்கு இல்லை, ஆள் கணக்கு. இத்தனை ஞானஸ்நானம், இத்தனை புதுநன்மை, இத்தனை கல்யாணம், இத்தனை அடக்கம். கடைசியாக, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், திருச்சபையை விட்டு விலகியவர்கள் இத்தனை பேர் என்பார். எங்கள் பங்கில் ஞானஸ்நானத்தைவிட அடக்கம் அதிகம், அடக்கத்தைவிட விலகல் அதிகம். நாடு முழுக்க இதே வரிசைதான். 2022-இல் மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல் கத்தோலிக்கர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாமியார்கள் சிலர் சிறு பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையும், மேலே இருந்தவர்கள் அதை மூடி மறைத்ததும் அம்பலமானது பெரிய காரணம். இன்னொரு காரணம் வரி.

வரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே குடிவந்ததும் ஊர் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம். கத்தோலிக்கன் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதினோமோ இல்லையோ, சம்பளச் சீட்டில் கோவில் வரி என்று ஒரு பிடித்தம் வந்து உட்கார்ந்துவிடும். நாம் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். அரசாங்கமே பிடித்து மறைமாவட்டத்துக்கு அனுப்பிவிடும். நீங்கள் ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் நுழைந்ததும் டிவி சத்தம் நின்று, கதவுக்குப் பின்னால் “அப்பா இல்லன்னு சொல்லு” என்று கேட்குமே, அந்தக் கலை இங்கே வளரவே இல்லை. வேண்டாம் என்றால் எங்கள் மாநிலத்தில் கோர்ட்டுக்குப் போய், 30 யூரோ கட்டி, கையெழுத்துப் போட்டு வர வேண்டும். விலகுவதற்கும் காசு! இதைத் தயவுசெய்து பேரவைக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். யாராவது தீர்மானம் கொண்டுவந்துவிடுவார்கள்.

கணக்கை வாசித்து முடித்த சாமியார் நோட்டை மூடினார். “விலகியவர்களில் பலருக்கு நான்தான் ஞானஸ்நானம் கொடுத்தேன். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தெருவில் பார்த்தால் இன்னும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். வரும் வருஷம் நீங்களும் அவர்களுக்குச் சொல்லுங்கள்” என்றார். வரும் வருஷத்துக்கு அவர் சொன்ன ஆசைகளில் அதுதான் முதல்.

நம்மூரில் புது வருஷப் பிரசங்கம் என்றால் செங்கடல் பிளக்கும், மலைகள் பெயரும், கடன் எல்லாம் பனிபோல் விலகும். இவருக்கு மலை நகர வேண்டாமாம். ஜனங்கள் மூன்று பெஞ்சு முன்னால் நகர்ந்தால் போதுமாம். கோவில் பெரிசு. வருகிறவர்கள் எல்லாரும் பின்வரிசைகளில், ஆளுக்கொரு பெஞ்சை வளைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “கொரோனா இடைவெளியை ரத்து செய்தாகிவிட்டது என்பதை மறுபடி அறிவிக்கிறேன். உங்களில் சிலர் அதை 1980-களிலிருந்தே கடைப்பிடிக்கிறீர்கள்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. கிறிஸ்மஸ் மாலைக் குடில் நாடகத்துக்கு நிற்க இடமில்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு சேதி இருந்தது: “பிப்ரவரியிலும் கதவு இதே இடத்தில்தான் இருக்கும்.”

மூன்று ஊர்க் கோவில்களை ஒரே பங்காகச் சேர்த்து வருஷங்கள் ஆகியும், ஒன்பதரைப் பூசை எந்த ஊருக்கு, பதினொரு மணிப் பூசை எந்த ஊருக்கு என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. சப்பரம் முதலில் எந்தத் தெருவில் திரும்புவது என்று நம்மாட்கள் நடத்தும் பஞ்சாயத்தை ஜெர்மன் பாஷையில் கேட்டுப்பாருங்கள், அச்சு அசல் அதேதான். “தள்ளுபடிக்காகப் பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட் வரை போகிறீர்கள். பூசைக்கும் ஒருநாள் போய்ப் பாருங்கள், அங்கேயும் உள்ளே விடுகிறார்கள்” என்றார் சாமியார். இதற்கு மட்டும் சிரித்தார்கள். அவரவர், அடுத்த ஊர்க்காரனைப் பார்த்து.

பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் சூப். பச்சைப் பட்டாணி சூப், அதில் மிதக்கும் பன்றி சாசேஜ். மேடை இல்லை, பிளெக்ஸ் இல்லை, பிரேம் போட்ட வாழ்த்துமடல் இல்லை. பேச வந்தவர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிஷம். மேயர், தீயணைப்புப் படைத் தலைவர், பக்கத்துப் புராட்டஸ்டண்ட் கோவிலின் போதகர் அம்மா (ஆமாம், அம்மாதான், சித்தியிடம் சொல்லுங்கள்). பிறகு செபஸ்தியார் சபைக்காரர்கள், பச்சை யூனிபார்மில், நெஞ்சு நிறையப் பதக்கத்தோடு. இந்தச் சபையின் வேலை துப்பாக்கி சுடுவது. கம்பத்தின் மேல் மரப் பறவையைக் கட்டி வைத்துச் சுடுவார்கள், அதைக் கடைசியாக விழத்தட்டுகிறவர் அந்த வருஷத்து ராஜா. அம்பு வாங்கிய அர்ச்சியசிஷ்டரையே எய்கிறவர்களுக்குப் பாதுகாவலராக வைத்திருக்கிறார்கள். நம் சபைகளிடம் துப்பாக்கி இல்லாததற்கு நான் அன்றைக்கு மனதாரத் தோத்திரம் சொன்னேன்.

மாதர் சங்கத்து அம்மாமார், எல்லாருக்கும் தெரிந்த ஒரு கிறிஸ்மஸ் பாட்டு மெட்டில் சாமியாரைப் பற்றிச் சொந்த வரிகள் கட்டிப் பாடினார்கள். அவர் காரைக் கோணலாக நிறுத்துவது, அடக்கப் பூசையில் பெயரை மாற்றிச் சொன்னது, உபவாச நாளில் பேக்கரியில் மாட்டிக்கொண்டது என்று ஒன்றையும் விடவில்லை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். நம்மூர்ப் புகழ்மாலையில் ‘தங்கமே, வைரமே’ என்று அடுக்குவோமே, அதில் இந்த நேர்மை கிடையாது. இவர்கள் சூப்பில் உப்பு கிடையாது. அங்கே ஒரு குறை, இங்கே ஒரு குறை.

பரிசு எதுவும் வேண்டாம், மனசிருந்தால் ஊர் உணவு வங்கிக்குக் காசு கொடுங்கள் என்று அவர் முன்பே எழுதிவிட்டார். ஆனாலும் வெறுங்கையோடு போக உங்கள் மருமகள் விடுவாளா? எங்கள் கல்யாணத்துக்கு வந்த பொன்னாடைகளில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்தாள். சிவப்பு, ஒரு சாண் ஜரிகை. நான் போர்த்தினேன். அவர் மரியாதைக்கு வாங்கி மடித்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மண்டபத்திலும் ஹீட்டர் அதே கதைதானே? தோளைச் சுற்றி இழுத்து, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, கடைசி வரை அவிழ்க்கவில்லை. பொன்னாடை ஒன்று தன் வேலையைச் செய்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜரிகையில் பட்டாணி சூப் பட்டது வேறு விஷயம்.

சூப்புக்குப் பிறகு பெர்லினர் தட்டு சுற்றி வந்தது. ஜாம் வைத்துப் பொரித்த பன். வருஷக் கடைசி நாளில் ஒன்றே ஒன்றில் ஜாமுக்குப் பதில் கடுகு மசியலை வைத்துவிடுவது இவர்கள் விளையாட்டு. யாருக்கு மாட்டப்போகிறது என்று எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே தின்றோம். தட்டு காலியாகும் வரை யாரும் முகம் சுளிக்கவில்லை. தீயணைப்புத் தலைவருக்குத்தான் போயிருந்தது. மனுஷன் முழுசையும் தின்று தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மீசை ஓரத்து மஞ்சளை அவர் பேத்திதான் கண்டுபிடித்தாள்.

அடுத்து வரப்போகிற சாமியார் நம் நாட்டுக்காரர். இந்தியா என்பது வரைதான் இங்கே செய்தி. “உன் ஊர்தானே, உனக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கேரளாவோ ஆந்திராவோ தெரியாது, அவர் நல்ல மனுஷர் என்று மட்டும் பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய சாமியாரின் ஆசைகளில் இவருக்கும் பங்கு உண்டு. கோவில் வாசலில் நிறுத்தி அவருடைய ஜெர்மன் இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. காபி கேக்கோடு அனுப்பிவிடாமல் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். சோற்றில் சர்க்கரை போட்டுப் பால் ஊற்றாமல் கொடுத்தால் புண்ணியம்.

இலக்கணப் பேச்சு வந்ததும் நான் சவேரியாரை இழுத்தேன். 1542-இல் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, உள்ளூர் ஆட்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் மாற்றி, மனப்பாடம் பண்ணி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார், அவர் வாயில் தமிழ் என்ன பாடு பட்டிருக்கும், நம் முப்பாட்டன்மார் பொறுத்துக்கொள்ளவில்லையா என்று பெருமையாகக் கேட்டேன். எதிரே இருந்த பாட்டி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “அவர் மூன்று கோவிலுக்கும் கார் ஓட்ட வேண்டியிருந்ததா?” அது நியாயமான கேள்விதான். நம் லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துப் பரீட்சை, ஓட்டுப் பரீட்சை எல்லாம் முதலிலிருந்து. வேத சாட்சியாவது இதைவிடச் சுலபம் என்பார்கள் எழுதியவர்கள்.

பழைய சாமியாருக்கு நம்மாட்களைத் தெரியும். கெவலார் இங்கிருந்து பக்கம். 1642-இல் ஒரு வியாபாரி, உள்ளங்கை அகலக் காகிதத்தில் அச்சடித்த மாதா படத்தை வைத்துச் சின்னதாக ஒரு கெபி கட்டினார். இன்றைக்கு அது பெரிய திருத்தலம். ஆகஸ்டில் ஒருநாள் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். பட்டுச் சேலையும் குங்குமமுமாகச் சைவக்காரர்களும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். “முன் பெஞ்சுக்கு ஜனங்கள் முண்டியடிப்பதை நான் பார்த்தது அங்கேதான். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பேராசை” என்றார் என்னிடம்.

ஓய்வில் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு யோசித்தார். “ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் உட்காருவேன். அறிவிப்பு வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவேன். இத்தனை வருஷமாக மேலே நின்று பார்த்திருக்கிறேன், கோவிலிலேயே சந்தோஷமான ஜனங்கள் அவர்கள்தான்.”

நடுச்சாமத்தில் ஊரே வெடி வெடித்தது. வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக்கூட விடாத ஜனங்கள் அந்த ஒரு ராத்திரியில் சிவகாசியைக் கொளுத்துகிறார்கள். அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் மூன்று ராஜாக்கள் வேஷம் போட்டு வீடு வீடாகப் பாடிக் காணிக்கை வாங்கினார்கள். கொலோன் பேராலயத்தில் அந்த ராஜாக்களின் எலும்பே இருக்கிறது, 1164-இல் மிலானிலிருந்து கொண்டுவந்தது. அதனால் இந்தப் பக்கம் அவர்களுக்கு மவுசு அதிகம். ஏற்பாடு செய்த அம்மா நம் மகளுக்கு எந்த ராஜாவைக் கொடுப்பது என்று சங்கடப்பட்டு நெளிந்தாள். இவள் பெரிய கிரீடம் யாருக்கோ அந்த ராஜா என்று எடுத்து மாட்டிக்கொண்டாள். நம் வாசல் நிலையிலும் 20 * சி + எம் + பி + 26 என்று சாக்பீஸில் எழுதியாகிவிட்டது. அடுத்த வருஷம் வரை துடைக்கக் கூடாதாம்.

பிப்ரவரியில் என் கூட வேலை பார்க்கும் பையன் லீவில் தூத்துக்குடி வருகிறான். அவன் கையில் அரைக் கிலோ மக்ரூன் கொடுத்துவிடுங்கள். உடையாமல் டப்பாவில். புதுச் சாமியாரின் வரவேற்புக்கு ஒரு பொன்னாடையும் வேண்டும். ஜரிகை கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை, கம்பளியில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
அந்தோணி