பின்பருவ உரமிடல்: மூட்டைப் பாடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பின்பருவ உரமிடலாவது, தூங்கப்போகும் புல்லை எழுப்பிச் சோறு போடலாமா என்னும் சிக்கல். ஆய்வெல்லை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வீட்டு முன்புறம். காலம் செப்டம்பர் தொடங்கி முதல் உறைபனி வரை. வெப்பக்காலப் புற்கள் நான்கு ஈண்டுக் கொள்ளப்படும். பெர்முடா, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே. அவர் யூரியா கேட்டதாகச் சான்றில்லை. செயின்ட் அகஸ்டீன் பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை. சாய்சியாவும் சென்டிபீடும் பின்னர் வரும்.

மூலபாடம் உரமூட்டையில் உள்ளது: 15-0-15. முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. நூற்றுக்கு இத்தனை பங்கு எடை. 50 பவுண்டு மூட்டையில் தழைச்சத்து 7.5 பவுண்டு. நடுவிலுள்ள 0 குறித்தே பூசல். அது இன்மையைச் சுட்டும் என்ப ஒரு சாரார் (மூட்டை, முகப்பு). அற்றன்று, ஏற்கெனவே மண்ணில் இருப்பதைச் சுட்டும் என்ப மறுசாரார் (மூட்டை, முதுகு, இடப்பத்தி, கீழிருந்து நான்காம் வரி). இரண்டையும் மறுப்பவர் காட்டும் வரி அடித்தையலுக்குள் மடிந்து கிடக்கிறது (மூட்டை, அடி, தையல் பிரித்தபின், ஈரம்பட்ட பகுதி, கடைக்காரர் பிரதியில் இவ்வரி இல்லை, பக்கத்து வீட்டுப் பிரதியில் அவ்விடத்தை நாய் கடித்திருக்கிறது, நாயின் காலம் ஆய்வுக்குரியது). இது தீருமுன் அக்டோபர் முடிந்துவிடுவது மரபு. பூசலிட்டோருள் குனிந்து புல்லைத் தொட்டவர் உளரா என்பது வேறோர் ஆய்வு. அதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது.

'வின்டரைசர்' என்ற பெயரில் விற்கும் இலையுதிர்கால உரமூட்டை, தெற்கில் இடைச்செருகல். இலையுதிர்கால உரம் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ முதலிய குளிர்காலப் புற்களுக்கு நல்லது. அவை வேர் பெருக்கும் பருவம் அது. வடக்கத்தி நூற்பாவைத் தெற்கே ஓதியதால் வந்த வினை.

வெப்பக்காலப் புல்லுக்கு அது ஆகாமைக்குக் காரணம் வருமாறு. பகல் குறுகக் குறுக, புல் மாவுச்சத்தைத் தரையடித் தண்டிலும் ஓடுதண்டிலும் சேர்த்துவைக்கும். அந்நேரம் தழைச்சத்து விழுந்தால், சேமிப்பை எடுத்து இளந்தளிர் விடும். உறைபனி அதைக் கருக்கும். சாய்சியாவில் ரைசோக்டோனியா பூஞ்சையும் சேர்ந்துகொண்டு, ஆரஞ்சு விளிம்போடு வட்டவட்டமாகத் திட்டுப் போடும். எனவே முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே தழைச்சத்தை நிறுத்துவர். அட்லாண்டாவில் பெரும்பாலும் நவம்பரில்தான் முதல் உறைபனி. செப்டம்பரோடு கை கழுவிவிடலாம். சாம்பல் சத்து, மண் பரிசோதனை கேட்டால் மட்டும்.

சென்டிபீட் 1916-இல் ஃபிராங்க் மேயர் வழியாகச் சீனாவிலிருந்து வந்த விதை. ஆண்டு முழுவதற்கும் ஆயிரம் சதுர அடிக்கு 1 முதல் 2 பவுண்டு தழைச்சத்து போதும், மிஞ்சினால் நலியும். உரம் போடாமல் சும்மா இருத்தலே இதன் நூற்பா என்பதால், இதில் முனைவர் பட்டம் பெறுவது அரிது.

குளிர்காலத்திலும் பச்சை வேண்டுவோர் பெர்முடா மேல் ரைகிராஸ் விதைப்பர். ரைகிராஸ் குளிர்காலப் புல், உரம் கேட்கும். அது வேறு மூட்டை.