பால்கோவாவுக்கு உண்டு, பட்டாசுக்கு இல்லை

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இணையத்தில் ஜோராக விற்கிறது. உரிமம் வாங்கிப் பட்டாசு விற்கும் என் விளம்பரத்தை மட்டும் ஏன் தூக்குகிறார்கள்?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: பால்கோவா வெடிக்காதே! கூகுள் விளம்பர விதிகளில் பட்டாசும் வெடிகுண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. சிவகாசித் தொழிலாளியின் உழைப்பை இப்படிச் சேர்த்து வைப்பது அநியாயம்தான். ஆனால் இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுப்பதை உச்ச நீதிமன்றமே 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் தடை செய்துவிட்டது. எனவே உங்கள் இணையப் பக்கத்தில் விலைப்பட்டியல், ஆர்டருக்கான தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். கடை இருக்கும் தெரு, திறக்கும் நேரம், பசுமைப் பட்டாசுப் பெட்டியில் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) முத்திரையைப் பார்த்து வாங்கும் விதம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைத் தண்ணீர் வாளியில் போடக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வீடியோ ஒன்றை இந்தத் தீபாவளிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.