உலக முடிவு அங்கேதான் இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை என்றால் நல்லூர்க் கோபுரம்தான். அதற்குமேல் அண்ணாந்து பார்க்க எங்கள் ஊரில் எதுவும் இல்லை. அதனால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம் என்று மச்சான் சொன்னதும் வீடே துள்ளியது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே ஒரு சமவெளி. அதன் தெற்கு விளிம்பில் 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை. பெயர் உலக முடிவு. “சமவெளி எண்டால் நடக்கலாம்தானே” என்று மாமியும் கிளம்பிவிட்டார்.

நுவரெலியாவிலிருந்து விடிய ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும் என்று வழிகாட்டித் தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தோட்டத்துப் பிள்ளை, மலையை அறிந்தவன். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும்பி, விளிம்புக்கு வரும்போது குளிர்ந்து மூடுபனியாகிவிடும்; ஒன்பது பத்து மணிக்குப் பிறகு போனால் காட்சி கிடையாது. எங்கள் வீட்டாருக்குச் சுடுதண்ணீர், தேத்தண்ணி, இன்னொரு தேத்தண்ணி, மாமாவின் குரங்குத் தொப்பி தேடும் படலம் எல்லாம் முடிய எட்டு மணி.

பூங்கா வாசலில் பொலித்தீன் சோதனை. மாமியின் பருத்தித்துறை வடைகள் பொலித்தீன் பையிலிருந்து காகிதப் பைக்கு மாற்றப்பட்டன. மாமி ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த பிறகே நடை தொடங்கியது.

“இடப்பக்கம் பாருங்க சார், நல்ல புல்வெளி. மரை மேயும்.”

பார்த்தோம். வெள்ளை.

“வலப்பக்கம் கிரிகல்பொத்த. இலங்கையிலேயே ரெண்டாவது பெரிய மலை.”

அங்கும் வெள்ளை.

“எங்க தம்பி?”

“இன்னைக்குத் தெரியல்ல சார். ஆனா அங்கதான் இருக்கு.”

என்னைக் கேட்டால் பனி நாளில் வழிகாட்டிகளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்கவேண்டும். வெளித்த நாளில் விரலை நீட்டினால் போதும். பனி நாளில் மலையையே வாயால் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. இவன் சளைக்காமல் கட்டினான். சிறுத்தை இருக்கிறதா என்று மாமா கேட்டதற்கு, “இருக்குங்க ஐயா, அது நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்” என்றான். அதன்பிறகு மாமா வரிசையின் நடுவிலேயே நடந்தார்.

பேக்கர் அருவி காதுக்கு மட்டும் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் யானை வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கரின் பெயர் அது. சமவெளியில் இப்போது யானைகள் இல்லை; சுட்டவரின் பெயர் மட்டும் தண்ணீராய்க் கொட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் உலக முடிவு. குனிந்தால் என் சப்பாத்து தெரிந்தது, அதற்கு முன்னால் ஒரு முழம் பாறை. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுக்குள் இருந்து பனி மேல்நோக்கி எழும்பி வந்து முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியில் வெள்ளை இன்னும் சுத்தமாகத் தெரிந்தது.

“கீழ தேயிலைத் தோட்டம், அந்தப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம். நல்லா வெளிச்சா தெற்குக் கடலும் தெரியும். கொஞ்சம் இருங்க, இப்ப வெளிச்சிரும்” என்றான் தம்பி.

மாமி ஒரு வடையைக் கடித்தபடி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“தம்பி, எங்கட வீட்டு மதிலுக்குப் போன தைப்பொங்கலுக்கு வெள்ளையடிச்சது. அதுவும் உப்பிடித்தான் இருக்கு. அதுக்கு ரிக்கட் இல்லை.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வடை வாங்கித் தின்றான். அரை மணி நேரம் காத்திருந்தும் வெளிக்கவில்லை. வெள்ளையின் முன்னால் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். மரை ஒன்று வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. மேய்ச்சலை விட்டுவிட்டு, வருகிறவர்களின் பைகளை மோப்பம் பிடிப்பதே அதற்கு வேலையாம். விலங்குகளுக்குத் தீனி போடக்கூடாது என்பதால் மாமி வடைப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

நீங்கள் போவதானால் ஒன்பது மணிக்குள் விளிம்பில் நில்லுங்கள். குரங்குத் தொப்பியை முதல்நாள் இரவே தலையில் மாட்டிக்கொண்டு படுங்கள்.