புதுப் பழசு

போன மார்கழிக் கடைசியில், போகிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டா இறங்கியது. அதன் பின்னால் என் கம்ப்யூட்டர். அண்டா என் பாட்டியின் சீர்வரிசை. புளி போட்டுத் தேய்த்த அரை மணியில் வெந்நீர் போடத் தயாராகிவிட்டது. கம்ப்யூட்டர் 2002இல் வாங்கியது. அதைத் தயார் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆனது. இத்தனைக்கும் அதில் ஒரு சாமானும் கெட்டுப்போயிருக்கவில்லை.

"கெட்டுப்போகலேன்னா ஏன் ஓடல?" என்றாள் மனைவி. தெருமுனையில் பழைய இரும்புக்காரரின் ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டரைக் கத்திரிக்காய் மாதிரிப் பொறுக்கித்தான் வாங்குவோம். மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினெட் எதிர்க்கடை. பள்ளிக்கூடப் பையனாக இருந்த மகனின் நச்சரிப்பில் 64 எம்.பி. கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றும் சேர்ந்தது. ஏ.ஜி.பி. என்ற பழுப்பு நிறச் சொருகியில் உட்காரும் ரகம். விண்டோஸ் 98 எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. "கார்டு ரொம்பப் புதுசு சார், ஓ.எஸ். கொஞ்சம் பழசு. பார்த்து ஏத்துங்க" என்றதோடு சரி.

வீட்டில் சுவிட்சைப் போட்டால் 640-க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். ஐகான் ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அளவு. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி: கார்டையும் ஓ.எஸ்.ஸையும் பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இல்லை என்று அர்த்தம். சர்வீஸ் பையன் வந்து வரிசை சொல்லிக்கொடுத்தான்: முதலில் மதர்போர்டு சி.டி.யிலிருந்து ஏ.ஜி.பி. டிரைவர், அப்புறம்தான் கார்டின் சி.டி. பிள்ளையாரை விட்டுவிட்டு நேரே முருகனிடம் போனால் மெஷின் அப்படியே உறைந்துவிடும். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு ரீஸ்டார்ட். சி.டி. தொலைந்த வருஷம் டயல்-அப்பில் டிரைவரை இறக்கினேன். பத்து எம்.பி.க்கு அரை மணிக்கு மேல் ஆகும். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் பேச்சுவார்த்தையே குறைந்துபோன காலம் அது.

லினக்ஸையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. திரையில் படம் வர எக்ஸ்ஃப்ரீ86 என்ற சமாசாரத்திடம் மானிட்டரின் ஜாதகத்தை ஒப்புவிக்க வேண்டும்: கிடைமட்ட அதிர்வெண் எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து எத்தனை ஹெர்ட்ஸ். தவறாகச் சொன்னால் மானிட்டர் பழுதாகலாம் என்று அதுவே எச்சரித்தது. எண்களை அடித்துவிட்டு, மகனை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்டரைத் தட்டினேன். தீபாவளிக்கு லட்சுமி வெடி கொளுத்தும் அதே தோரணை.

இப்படிப் புதுக் கார்டைப் பழைய ஓ.எஸ்.ஸோடு சேர்த்துவைக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தவன், எந்த நாளில் பழைய கார்டைப் புது ஓ.எஸ்.ஸிடம் அழைத்துப்போய்க் கெஞ்ச ஆரம்பித்தேன் என்பது நினைவில்லை. நடுவில் எல்லாம் ஒழுங்காக ஓடிய ஒரு வருஷம் இருந்திருக்க வேண்டும். அதை நான் கவனிக்கவே இல்லை.

2007இல் விஸ்டா வந்தபோது கிராஃபிக்ஸ் டிரைவருக்கான சட்டதிட்டமே மாறியது. நியாயமான மாற்றம்தான். அதற்கு முன் டிரைவர் ஓ.எஸ்.ஸின் கருவறையான கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது; அது தடுக்கி விழுந்தால் கோயிலே இடிந்து நீலத் திரை வரும். புதிய முறையில் டிரைவரின் பெரும்பகுதியை வெளிப்பிரகாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விழுந்தால் திரை ஒருமுறை கண்ணடித்துவிட்டுத் திரும்பி வரும். பழைய முறை டிரைவர்களைக் கொஞ்ச காலம் திண்ணையில் உட்கார அனுமதித்தார்கள். 2012இல் விண்டோஸ் 8 அந்தத் திண்ணையையும் இடித்தது.

திண்ணைக் காலத்தில் மகன் எனக்கு ஒரு வித்தை காட்டினான். டிரைவரோடு ஐ.என்.எஃப். என்றொரு கோப்பு வரும். சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தெந்தக் கார்டுக்கு இந்த டிரைவர் பாத்தியதை என்று அடையாள எண்களின் பட்டியல் அதில் இருக்கும். நோட்பேடில் திறந்து நம் கார்டின் எண்ணையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி; தாலுகா ஆபீஸ் போகாமலே. ஆனால் கோப்பில் கை வைத்ததும் கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போய்விடும். 32 பிட் ஓ.எஸ். சிவப்புப் பெட்டியில் ஒரு முறை திட்டிவிட்டு உள்ளே விடும். 64 பிட் என்றால் வாசலோடு சரி.

நான் மத்திய அரசு ஊழியனாக இருந்தவன். கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்காக எத்தனை வராந்தாவில் நின்றிருக்கிறேன்! 2014 வாக்கில் அரசாங்கமே மனமிரங்கி, உங்கள் நகலுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. 2016இல் விண்டோஸ் 10 எதிர்த்திசையில் போனது: இனி புதிய கெர்னல் டிரைவர்களுக்குத் தயாரித்தவர் கையெழுத்து மட்டும் போதாது, மைக்ரோசாஃப்டின் ஒப்பமும் வேண்டும். சர்க்கார் விட்ட முத்திரையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

ஒன்பது நாள் கதைக்கு வருகிறேன். அதில் ஐந்து நாள் வெற்று சி.டி. தேடியதில் போனது. இந்த மெஷின் பென் டிரைவிலிருந்து கிளம்பாது. நான் கேட்ட கடைப் பையன் சி.டி.யை ஏதோ கிராமபோன் தட்டு போலக் கேள்விப்பட்டிருந்தான். கடைசியில் டெபியன் 12 என்ற லினக்ஸை, அதன் 32 பிட் பதிப்பை, ஏற்றினேன். மானிட்டரின் ஜாதகத்தை எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. டிரைவர் தானாக உட்கார்ந்தது. 1024-க்கு 768, அத்தனை நிறங்களோடும். லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த டிரைவர் கார்டைச் செய்த கம்பெனி கொடுத்ததல்ல. அவர்கள் என் கார்டை எப்போதோ கை கழுவிவிட்டார்கள். இது தன்னார்வலர்கள் எழுதியது. 2010இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. கம்பெனி டிரைவர் கார்டின் எந்த ரெஜிஸ்டரில் என்ன எழுதுகிறது என்று உளவு பார்த்தே எழுதினார்கள். பக்குவம் சொல்லித்தராத மாமியாரின் ரசத்தை, அடுக்களை வாசலில் நின்று கை எந்த டப்பாவுக்குப் போகிறது என்று பார்த்தே கற்றுக்கொண்ட மருமகள்கள். டிரைவரின் பெயர் நூவோ. பிரெஞ்சில் 'புதிது' என்று அர்த்தம். 1998இல் வந்த கார்டுகளைக்கூடத் தாங்குகிற டிரைவருக்கு இப்படியொரு பெயர்.

முப்பரிமாணப் படங்களுக்குத் தனி டிரைவர் வேண்டும். என் தலைமுறைக் கார்டுகளுக்கு இருந்ததன் பெயர் 'நூவோ வியோ': புதுப் பழசு. கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், நிஜப் பெயரே அதுதான். 2022இல் மேசா என்ற கிராஃபிக்ஸ் திட்டம் அதைப் பிரதானக் கிளையிலிருந்து எடுத்து அம்பர் என்ற ஒதுக்குக் கிளையில் வைத்துவிட்டது. அம்பர் என்றால் பூச்சிகள் உறைந்து கிடக்குமே, அந்த மரப்பிசின். ஆகவே என் மெஷினில் முப்பரிமாணக் கணக்கையெல்லாம் பிராசஸரே போடுகிறது. மகனின் பழைய கார் பந்தயம் ஓடுகிறது. மாட்டுவண்டி வேகம், மிக்ஸி சத்தம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் மெஷின்களுக்கு இன்ஸ்டாலரே தருவதில்லை. மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை.

நவம்பரில், பென்ஷனுக்காக, உயிரோடு இருப்பதாக நிரூபிக்கப் பொது சேவை மையத்துக்குப் போனேன். கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைத்தேன். துடைத்துவிட்டு வைத்தேன். மற்ற விரல்களையும் வரிசையாக வைத்தேன். கவுண்டர்ப் பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க மேல தப்பில்ல சார். நேத்துதான் சிஸ்டத்துல புது ஓ.எஸ். போட்டாங்க. டிவைஸ் பழசு, டிடெக்ட் ஆகல. ரெண்டு நாள் கழிச்சு வரீங்களா?"

எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர், என் வயசு அல்லது மேலே. நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கமாக இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டேன்.

"டிவைஸ் மேனேஜரைத் திறம்மா. மஞ்சள் முக்கோணம் ஏதாவது தெரியுதா பாரு."