கடனாளித் தாத்தா ஹிக்கி

வம்சாவளி தேடிப் புறப்படுகிறவர்களுக்கெல்லாம் எப்படியோ ஒரு திவானோ ஜமீன்தாரோ கிடைத்துவிடுகிறார். இந்தியப் பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எங்கள் குலத்தின் ஆதிபுருஷரைத் தேடிக் கல்கத்தா போனால், ஆள் சிறைக்கணக்கில் அகப்படுகிறார். பெயர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. பூர்வீகம் அயர்லாந்து. தொழில், அந்தந்த மாதம் எது சோறு போட்டதோ அது.

1740 வாக்கில் பிறந்த இவர், லண்டனில் அச்சுத்தொழில் பழகினார், விட்டார். வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார், அதையும் விட்டார். 1772இல் கப்பல் வைத்தியரின் உதவியாளாக ஏறி, கல்கத்தாவில் இறங்கி, கொஞ்சம் வைத்தியமும் கொஞ்சம் கப்பல் வியாபாரமும் பார்த்தார். நோயாளிகள் கதி தெரியாது, வியாபாரம் படுத்துவிட்டது. 1776இல் கடன் கொடுத்தவர்கள் உள்ளே தள்ளினார்கள். மற்றவர்கள் சிறையில் தத்துவம் எழுதுவார்கள். நம்மவர் அச்சகம் தொடங்கினார்.

ராணுவ விதிமுறைகளை அச்சடிக்கச் சொல்லி ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கொடுத்தவர் தளபதி அயர் கூட், அவரும் அயர்லாந்துக்காரர்தான். சொந்த ஊர்க்காரர் என்று நம்பினால் என்ன ஆகும்? தளபதி ஹைதர் அலியோடு சண்டை போடத் தெற்கே கப்பலேறி, பறங்கிப்பேட்டையில் ஜெயித்து, 1783இல் சென்னையிலேயே கண்ணை மூடினார். ஹிக்கியின் பில் கல்கத்தாவில் வருஷக்கணக்கில் இழுபட்டது.

1780 ஜனவரி 29 அன்று இந்தியாவின் முதல் செய்திப் பத்திரிகையான ‘பெங்கால் கெஜட்’ வெளிவந்தது. சனிக்கிழமைதோறும் நாறும் சாக்கடை, குண்டும் குழியுமான தெரு, யார் வீட்டு விருந்தில் யாரோடு யார் ஆடினார்கள் என்ற விவரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கும்பெனிப் படை ஹைதரிடம் அடிவாங்கிய கதையும் அதில் வந்தது. ரசித்துப் படித்தவர்கள் துரைமார்கள்தான், அடுத்த வாரம் தங்கள் பெயர் வரும்வரை.

அதே வருஷம் ஒரு நாடகக்காரரும் ஓர் உப்பு வியாபாரியும் சேர்ந்து போட்டிப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதற்குக் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் தபால் இலவசம் என்றார். நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஹிக்கி கத்தினார். காரியம் ஆக, ஹேஸ்டிங்ஸின் மனைவிக்கு லஞ்சம் கொடுக்கும்படி ஓர் அதிகாரி தன்னிடம் சொன்னதாகவும் அச்சில் ஏற்றினார். பதிலுக்கு, அவர் பத்திரிகையைத் தபாலில் எடுக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. ஹிக்கி ஆள் வைத்து வீடுவீடாகப் போட்டார். கருத்துச் சுதந்திரம், கொடுங்கோன்மை போன்ற பெரிய சொற்கள் இதற்கப்புறம்தான் அவர் பேனாவில் அதிகம் புரளுகின்றன. தபால் இலவசமாகக் கிடைத்திருந்தால் எங்கள் குலத்துக்குக் கொள்கை என்று ஒன்று இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பிறகு ஹேஸ்டிங்ஸின் ஆண்மைவரை போனது எழுத்து. தலைமை நீதிபதி இம்பேயின் உறவினருக்குக் கரை கட்டும் கான்ட்ராக்ட் போனதும், நீதிபதிக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினார். கீர்நாண்டர் பாதிரியாரையும் விடவில்லை. அவர் நம்ம கடலூர் ஆள் மாதிரிதான்: ஸ்வீடனில் பிறந்து, 1740இல் கடலூர் வந்து, 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனவர். அநாதைகள் பணத்தில் கைவைத்தார் என்று ஹிக்கி எழுத, ஹேஸ்டிங்ஸும் பாதிரியாரும் 1781இல் அவதூறு வழக்குப் போட்டார்கள். விசாரித்தவர்? பட்டப்பெயர் வாங்கிய அதே இம்பே! ஜாமீன் 80,000 ரூபாய். பத்திரிகையோ பிரதி ஒரு ரூபாய்.

சிறையிலிருந்தும் சனிக்கிழமை தவறாமல் பத்திரிகை வந்தது. கடைசியில் 1782 மார்ச்சில் அச்செழுத்துகளையே அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்திருந்து விசாரணையைக் கேட்ட நீதிபதி ஹைட் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். சக நீதிபதிகளைப் பற்றிய சந்தேகங்களை மட்டும் சுருக்கெழுத்தில். பத்திரிகைக்காரர் வெளிப்படையாக எழுதி உள்ளே போனார், நீதிபதி புரியாதபடி எழுதிப் பதவியில் இருந்தார்.

பின்கதை சுருக்கமானது. ஹேஸ்டிங்ஸ் லண்டன் போய் ஏழு வருஷம் கண்டன விசாரணையில் நின்றார். கீர்நாண்டர் 1787இல் திவாலாகி, சொந்தக் காசில் கட்டிய தேவாலயமே ஜப்திக்கு வந்து, வேறொருவர் 10,000 ரூபாய் கட்டி மீட்டார். ஹிக்கி 1802இல் சீனா போகும் கப்பலில் இறந்தார்.

எஸ்பிளனேடு பக்கம் ஒரு சந்துக்கு இப்போது அதிகாரபூர்வமாக ‘ஜேம்ஸ் ஹிக்கி சரணி’ என்று பெயர். ஆனால் ஊரே அதை டேக்கர்ஸ் லேன் என்கிறது; டேக்கர்ஸ், கும்பெனி அதிகாரி. மதியத்தில் ஆபீஸ்காரர்கள் பெஞ்சுக்கு இடம் கிடைக்காமல் நின்றபடியே, ஆவி பறக்கும் ஸ்டூவில் டோஸ்ட்டை முக்கிச் சாப்பிடுகிறார்கள். ஹிக்கியின் வாரிசு என்று சொல்லி அங்கே கணக்கு வைக்கச் சொன்னால், முதலில் ஹிக்கி யாரென்று கேட்பார்கள். சொன்ன பிறகு கட்டாயம் தரமாட்டார்கள்.