ஓல்டு டிராஃபோர்டு, வழி: பெரம்பூர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரில் மான்செஸ்டர் யுனைடெட் இருக்கிறது. முகப்புப் படத்தில் அந்த கிளப்பின் முன்னாள் மேனேஜர் சர் அலெக்ஸ் பெர்குசன் சூயிங்கம் மெல்கிறார். உள்ளே போனால் நேற்றிரவு நடந்த பேச்சு இது: ஒருவருடைய மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன், எந்த லென்ஸ் வைக்கலாம், அயனாவரத்தில் குழாய்த் தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது, எல்கேஜி சீட்டுக்கு யாரைப் பிடிப்பது, எட்டு வருஷம் ஓடிய ஸ்கூட்டரை என்ன விலைக்குத் தள்ளலாம். நடுவில் ஒரு பொடியன், “லைன்-அப் வந்துடுச்சா?” என்று கேட்டிருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை. லென்ஸ் விவகாரம் முடிந்ததும் ஒரு பெரியவர் மட்டும், “தம்பி, இங்க முக்கியமான விஷயம் போயிட்டிருக்கு” என்று எழுதினார்.

கால்பந்தைப் பார்க்கவே வழியில்லாத காலத்தில்தான் நாங்கள் கால்பந்தைத் தவிர வேறு எதையும் பேசாமல் இருந்தோம்.

1986 உலகக் கோப்பை மெக்சிகோவில் நடந்தது. ஜூன் 29 இறுதியாட்டம், நம் நேரப்படி இரவு பதினொன்றரை மணிக்கு. எங்கள் தெருவில் ஷட்டர் போட்ட சாலிடேர் டிவி வைத்திருந்த மாமி, சத்தம் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு எங்களை உள்ளே விட்டார். அர்ஜென்டினாவின் வெளிர்நீலக் கோடுகள் அந்தக் கருப்பு-வெள்ளைத் திரையில் சாம்பலாகத் தெரிந்தன. மேற்கு ஜெர்மனி அன்று பச்சைச் சட்டை போட்டிருந்தது என்பதே யூடியூப் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இரண்டு கோல் பின்தங்கிய ஜெர்மனி ருமனிகே, ஃபோலர் தயவில் சமன் செய்ய, கடைசி நிமிடங்களில் மரடோனா தட்டிவிட்ட பந்தோடு புருச்சாகா ஓடினார். அந்த கோலுக்கு நாங்கள் போட்ட கூச்சல் முழுக்க வாயில் திணித்த துண்டுக்குள்ளேயே போனது. மாமி எழுந்திருக்கவில்லை. அதனால் 1990க்கும் அதே வீட்டில் இடம் கிடைத்தது.

அந்த 1986 இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோல். எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி பத்திரிகையில் வந்த புகைப்படம். பிரிண்டிங் மை பரவியிருந்ததில் கை எது, தலை எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் வழக்கு நாள்கணக்கில் நடந்தது. கடைசியில் ஐசிஎஃப் டீமில் பேக் ஆடிய அண்ணன் ஒருவர் வந்தார். படத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “நானே ரெண்டு தடவ கையால போட்டிருக்கேன். ரெஃப்ரி பாக்கலன்னா கோலுதான்” என்றார். வழக்கு முடிந்தது. டீக்காசை அண்ணனே கொடுத்தார்.

இப்போது அப்படி முடிகிறதா? பிரீமியர் லீக்கில் 2019-20 சீசனிலிருந்து விஏஆர் என்கிற வீடியோ ரெஃப்ரி இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆஃப்சைடு கோட்டைக் கணிப்பொறியே போட்டுக்கொடுக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஒரு ஃபார்வர்டின் அக்குள் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதைச் சட்டைத் தையல் எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ஆனால் அந்த அக்குளைப் பற்றி எங்கள் குழுவில் விடியற்காலை இரண்டு மணி வரை தகராறு. படத்தில் சிவப்புப் பேனாவால் தாங்களே கோடு போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சிவில் இன்ஜினீயர். அவர் கோடுகள் மட்டும் நேராக இருக்கும். தீர்ப்பு எப்போதும் யுனைடெட் பக்கம்தான் சாயும்.

மரடோனா வழக்கே 2022இல் மறுபடி எங்கள் குழுவில் விசாரணைக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் அவர் போட்டிருந்த சட்டை மே மாதம் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. நவம்பரில் அந்தப் பந்து 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. பந்தை அத்தனை வருஷம் வைத்திருந்து விற்றவர், கையைப் பார்க்காமல் விட்ட அதே துனிசிய ரெஃப்ரி அலி பின் நாசர். எங்கள் குழுவின் ஆடிட்டர் அன்று ஒரே வரிதான் எழுதினார்: “கண்ணு தெரியாததுக்கு இவ்ளோ பென்ஷனா?”

எங்களுக்கு யுனைடெட் எப்படி வாய்த்தது என்று கேட்டால் பெரிய சித்தாந்தம் ஒன்றும் கிடையாது. ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கத்தில் யாருடைய வண்ணப்படம் வந்ததோ, அதைச் சுவரில் ஒட்டியவன் அந்த கிளப்பின் ஆள். எனக்குக் காலரைத் தூக்கிவிட்ட கன்டோனா கிடைத்தார். பக்கத்து வீட்டுக்காரன் இதழை ஒரு வாரம் பிந்தி வாங்கியதால் லிவர்பூல் ஆனான். முப்பது வருஷப் பகை அப்படித்தான் ஆரம்பித்தது.

1999 மே மாதம் பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இங்கே நள்ளிரவு பன்னிரண்டேகால். தொண்ணூறு நிமிடம் முடியும்போது 0-1. அதற்குப் பிறகு கிடைத்த இன்ஜுரி டைமில் ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷர் ஒன்று. பெரம்பூரில் அன்று பாதிப் பேர் எண்பதாவது நிமிடத்திலேயே விளக்கை அணைத்துப் படுத்தவர்கள். மறுநாள் காலை பேப்பரிலும் முடிவு வரவில்லை, அச்சுக்குப் போன பிறகுதானே ஆட்டமே முடிந்தது. பார்த்த ஒரு சிலர் சொன்னதைக் கேட்டவர்கள் நம்ப மறுத்துச் சண்டைக்கு வந்தார்கள். இன்று எங்கள் குழுவில் அந்த ஆட்டத்தைக் கடைசி விசில் வரை நேரலையில் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. அவர்களில் இரண்டு பேர் 2001இல் பிறந்தவர்கள்.

தகவல் பெருகியதில் விநோதமான நிபுணத்துவங்கள் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரியும். அதுவரை ஏழரைக்கு ஆரம்பித்த சனிக்கிழமை ஆட்டம் அதன் பிறகு எட்டரைக்குப் போகும், ராத்திரிச் சாப்பாடும் கூடவே தள்ளிப்போகும். இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தை அங்கே டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை. ஆளில்லாமல் சின்ன கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்று 1960களிலிருந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு. ஆக டிக்கெட் கிடைக்காத மான்செஸ்டர்காரன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெரம்பூரில் நாங்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அதே ஆட்டத்தைப் பார்த்து, “அந்த ஊர்க்காரனுங்களுக்கு கேமே தெரியல” என்கிறோம்.

அடுத்த வேடிக்கை ஃபேண்டஸி, நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே கற்பனை அணி கட்டும் விளையாட்டு. பத்துக் கோடி பவுண்டு கற்பனைப் பணம், பதினைந்து ஆட்டக்காரர்கள், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது, கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு எங்கள் குழுவினர் வீட்டு விசேஷங்களில் எந்த மூலையில் நிற்பார்கள் என்று போட்டோக்காரர்களுக்கே தெரியும். நெஞ்சில் யுனைடெட் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்ட ஒருவருடைய அணியில் கேப்டன் யார் தெரியுமா? மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட். சிட்டி எங்களுக்கு எதிராக கோல் போட்ட நாளில் அவர் குழுவில் அழும் முகம் ஒன்றைப் போட்டார். ஃபேண்டஸி பட்டியலில் அன்றிரவு முதலிடமும் பிடித்தார். கேட்டதற்கு, “பாசம் வேற, பாயிண்ட்டு வேற” என்றார். வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறார்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கால்பந்துப் பேச்சு குறைந்தது என்றால், பெரிய காரணம் ஒன்றுதான். நாங்கள் கடைசியாக லீக் பட்டம் வாங்கியது 2013இல். (“நாங்கள்” என்பதைக் கவனியுங்கள். மான்செஸ்டரை நேரில் பார்த்தவர் எங்களில் ஒருவர்தான். அவரும் அங்கே போனது கொதிகலன் விற்க.) பெர்குசன் போன பிறகு மோயஸ், வான் கால், மொரினியோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். 2023-24இல் எட்டாம் இடம், 2024-25இல் பதினைந்தாம் இடம். திங்கட்கிழமை காலையில் இதைப் பற்றி என்ன பேசுவது? அதனால் மாமியார் கண்ணைப் பற்றிப் பேசுகிறோம். ஒருகாலத்தில் தாரோட்டில் வெறுங்காலோடு ஆடியவர்கள் இப்போது முழங்கால் எம்ஆர்ஐ படங்களை அனுப்பி ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இளையராஜாவின் 1986 சிறந்ததா 1987 சிறந்ததா என்ற சண்டையில் இரண்டு பேர் குழுவைவிட்டே வெளியேறினார்கள். சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். ஆர்சனல்காரர் ஒருவரையும் வைத்திருக்கிறோம். தொடர்ந்து மூன்று சீசன் இரண்டாமிடம் வந்த கிளப்பின் ஆள் பக்கத்தில் இருந்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது.

கால்பந்து பேசாவிட்டாலும் குழு உதவாமல் போனதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் ஆள் ஒருவர் மாடியில் மாட்டிக்கொண்டார். கைக்குழந்தை வேறு. டவர் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவர் போட்ட ஒரு வரியைப் பார்த்துப் பால் பவுடரும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தவன், நான் முன்னால் சொன்ன அந்த லிவர்பூல் பக்கத்து வீட்டுக்காரன். பையைக் கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனை போட்டான்: ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் படத்தில் லிவர்பூலின் ஜெரார்டு இருக்க வேண்டும். எங்கள் ஆள் ஒப்புக்கொண்டார், மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் மாற்றிவிட்டார். அந்தத் துரோகம் இன்னும் வருஷாவருஷம் டிசம்பரில் விவாதிக்கப்படுகிறது.

அதே வெள்ளத்தால் நம்மூர் கிளப்பான சென்னையின் எஃப்சி தன் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியைச் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் புனேக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்து, டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் மென்டோசா போட்ட கோலில் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்று ஒரு நாள் எங்கள் குழு முழுக்க முழுக்க நம்மூர்க் கால்பந்தைப் பேசியது. 2018 மார்ச்சில் பெங்களூரில் மறுபடி கோப்பையை வென்றபோது இன்னொரு நாள். வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ் அந்த டீமில் இருக்கிறார் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னோம். அதோடு சரி.

மற்ற நாள்களில் எங்கள் அக்கறைகள் உலகளாவியவை. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் தங்களுக்கென்று சூப்பர் லீக் அறிவித்தபோது பெரம்பூர் கொதித்தது. கண்டனத் தீர்மானம் ஆங்கிலத்திலும் தமிழிலும் தயாரானது. யுனைடெட் முதலாளிகளுக்கு மெயில் போனது. இரண்டே நாளில் ஆங்கில கிளப்புகள் பின்வாங்கியதும், அதில் எங்கள் பங்கு கணிசமானது என்று தீர்மானித்துப் பிரியாணி சாப்பிட்டோம். 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. நம் ஊர் ஆட்டக்காரர்கள் சம்பளம் வருமா, ஆட்டம் நடக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் நான்கைந்து விழுந்தன. அடுத்த செய்தி, யுனைடெட் எந்த ஸ்ட்ரைக்கரை வாங்கப்போகிறது என்பது. அன்று தீர்மானம் எழுதிய தமிழ்ப் புலவர் மூணாறு டூரில் இருந்தார்.

2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலின் நாலரை வருஷ டெர்பி ஏக்கத்தைத் தீர்த்தவர் நந்தகுமார் சேகர், வடசென்னைப் பையன். கொல்கத்தாவில் அன்று அவரைத் தோளில் தூக்காத குறை. இந்தச் சேதி எங்களுக்கு எப்படி வந்தது என்றால், கொல்கத்தாவில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர், “யாருப்பா இது, உங்க ஏரியாவாமே?” என்று அனுப்பிய பிறகு. எங்கள் ஏரியாதான். நாங்கள் அந்த நேரத்தில் வேறு ஊர் அக்குளை அளந்துகொண்டிருந்தோம்.

கன்டோனா படத்தைச் சுவரில் ஒட்டிய காலத்தில் எங்களுக்கு நம்மூர் ஆட்டமும் வெளியூர் ஆட்டமும் ஒன்றாகவே இருந்தன. 1993இல் நேரு கோப்பை மெட்ராஸில் நடந்து, வட கொரியா வென்றது. பெரம்பூரிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பும் வழியெல்லாம் மரடோனாவைப் பற்றிப் பேசினோம். இப்போது நேரு ஸ்டேடியத்துக்கு மெட்ரோ ரயிலே போகிறது. வெயில், டிராஃபிக், கழுத்துவலி என்று எங்களுக்குக் காரணங்கள் மூன்று. அந்தக் காரணங்களை விவரமாக எழுதி அனுப்பும் நேரத்தில் ஸ்டேடியத்துக்குப் போய் இடம் பிடித்துவிடலாம்.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் இன்றும் பசங்கள் ஆடுகிறார்கள். விஏஆர் கிடையாது, டெட்லைன் கிடையாது, பார்க்கக் காசும் கிடையாது. அந்தப் பக்கம் வருகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். டீ என் செலவு, ஆர்சனல்காரர்களுக்கும் சேர்த்து.