பாறை ஏறப் போறியா பேராண்டி?

பாலைவனமும் மலையும் சேந்தாப்புல இருக்குற ஊராப் பாத்து பாறை ஏறப் போறியாமே பேராண்டி? போ, போ. வயசுப் புள்ளைக்குக் காலு சும்மா கெடக்குமா? டிக்கெட்டு எடுக்குறதுக்கு முந்தி இந்தக் கெழவன் பேச்சையும் ஒரு காதுல வாங்கிக்க. இன்னொரு காதுல பாட்டுக் கேட்டுக்க, பரவால்ல.

பாலைவனம்னா நம்ம பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை ஊருக்கு என்ன கொறச்சல்? கொளக்காநத்தம் பக்கம் போயிப் பாரு. காவி நெறத்துல களிமண்ணு. மழைத்தண்ணி அறுத்து அறுத்து ஓடையும் மேடுமாக் கெடக்கு. போட்டோ புடிச்சுப் போட்டீன்னா ராஜஸ்தான்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுவானுங்க. பத்துக் கோடி வருசத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்துச்சாம். இன்னிக்கும் குனிஞ்சு பாத்தா சுருள் சுருளா அம்மோனைட்டு ஆம்புடும், கல்லாப் போன கடல் பிராணி. ஏறலாமான்னு கேக்குறியா? கைய வச்சா மேடு கையோட வந்துரும்.

அந்தப் பக்கம்தான் சாத்தனூர் கல்மரம். நிலவியல்காரரு எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல பாத்துச் சொன்னது. நீளம் 18 மீட்டர். மரம் ஏறவும் ஆசை, பாறை ஏறவும் ஆசைன்னா ரெண்டும் ஒரே எடத்துல தீந்துரும். படுத்துக் கெடக்குற மரம், விழுவோமேங்கிற பயமும் வேணாம். என்ன செய்ய, சுத்தி வேலி போட்டு வச்சிருக்கான்.

சுண்ணாம்புப் பாறை ஏறணும்னு தாய்லாந்துல கிராபிக்குப் போறானுங்களாமே? அரியலூர்ல இல்லாத சுண்ணாம்புக்கல்லா? ஆனா நம்மூருல அது மேல நிக்காது, கீழதான் கெடக்கும். சிமெண்டுக் கம்பெனிக்காரன் தோண்டி வச்ச பள்ளம் ஒன்னொன்னும் ஒரு ஏரி அகலம். அதுல எறங்கத்தான் முடியும்.

அப்ப கருங்கல்லு? கங்கைகொண்ட சோழபுரத்தச் சுத்தி ஒரு கருங்கல் மலையக் காட்டு பாப்போம். கெடையாது. இருந்தும் ராசேந்திர சோழன் 180 அடி ஒசரத்துக்குக் கருங்கல்லுல விமானம் எழுப்பிட்டான். அம்மாம் பெரிய கல்லு எங்கிருந்தோ வந்து, மேலயும் ஏறி, ஆயிரம் வருசமா எறங்காம நிக்குது. அத ஏத்துனவன் எவனாச்சும் மேல நின்னு ரெண்டு வெரலக் காட்டிப் படம் புடிச்சானா? மதில் கல்லு மட்டும் எறங்குச்சு. 1836-ல வெள்ளைக்காரன் கொள்ளிடத்துல அணைக்கரை கட்டுறதுக்குப் பேத்துக்கிட்டுப் போயிட்டான். விமானத்துல ஏறிப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காத. தொல்லியல்காரன் புடிச்சிக்கிட்டுப் போவான், நானும் ஜாமீனுக்கு வரமாட்டேன்.

நெசமாவே பாறை வேணும்னா பெரம்பலூர் தாண்டி ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு, ரோட்டு மேலயே. 1751-ல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அந்தப் பக்கந்தான் மல்லுக்கட்டுனானுங்க. ஆனா அதுக்குப் படி இருக்கே! படியில ஏறுனா எவன் லைக் போடுவான்?

அதான் எல்லாரும் கர்நாடகத்துக்கு ஓடுறீங்க. பாதாமில செவப்பு மணற்பாறை. நம்ம பல்லவன் நரசிம்மவர்மன் படையோட போயிப் புடிச்ச வாதாபிதான் அது. அவன் போனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஹம்பியில துங்கபத்திரைக் கரை பூரா உருண்டைக் கருங்கல்லு. அங்க ஒரு கூத்து கேளு. கயிறு இல்லாம குண்டுக்கல்லு ஏறுறவன் முதுகுல மெத்தையத் தூக்கிக்கிட்டு அலையுறான். ஏன்டா, மெத்தை எதுக்குன்னா, விழுறதுக்காம்! படுக்குறதுக்கு மெத்தை வாங்குன பரம்பரை நாம. விழுறதுக்கு மெத்தை வாங்குன மொத ஆளு நீதான்.

செருப்பு பாத்தியா? காலு அளவவிடச் சின்னதா, வெரலு மடங்குற மாதிரி வாங்கணுமாம். கையில வேர்வை வழுக்காம இருக்க வெள்ளைப் பொடி, மக்னீசியம் கார்பனேட்டு. நம்ம பனையேறி காலுல ஒரு தளைநாரு, இடுப்புல அருவா, அவ்வளவுதான். தெனம் ரெண்டு வேளை ஏறி எறங்குனாரு. அவரு ஏறுன பனைக்கு எவனாச்சும் 'டெஸ்டினேஷன்'னு பேரு வச்சானா?

நம்மாளு மட்டும் யோக்கியமான்னு நீ கேப்ப. நியாயந்தான். திருச்சி மாவட்டத்துல தலைமலைன்னு ஒரு மலை. உச்சிக் கோயிலுக்கு வெளிப்பக்கம், காலு வைக்க எடமில்லாத விளிம்புல, கயிறு கியிறு ஒன்னும் இல்லாம சுத்தி வந்தானுங்க. விழுந்து செத்தவனும் உண்டு. சாமி அப்புடி வரச் சொல்லுச்சா? அதுக்கு உன் தலைக்கவசமும் கயிறும் எவ்வளவோ தேவலாம். அந்த ரெண்டையும் நான் கிண்டல் பண்ணமாட்டேன்.

ஜோர்டான்ல வாடி ரம்முன்னு ஒரு எடம், நெசப் பாலைவனம், நெச மலை. 1984-ல டோனி ஹோவர்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரரு கூட்டாளிங்களோட போயிப் பாத்தாரு. அதுக்கு மின்னாடியே ஆடு மேய்க்குற பெதுவின்காரன் அந்தப் பாறை பூரா வழி வச்சிருந்தான். எதுக்கு? மலையாட்டை வேட்டையாட. ஏறுனா வூட்டுக்குக் கறி, இல்லன்னா பட்டினி. நெலைமை அப்புடி இருந்தா எவன் காலு வழுக்கும்?

நீலகிரியில குறும்பரும் அப்புடித்தான். செங்குத்துப் பாறையில மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். கொடியில திரிச்ச ஏணியில தொங்கிக்கிட்டே, பொகை போட்டுத் தேன் எடுப்பாங்க. மேல கயிறு புடிக்குறது யாரு தெரியுமா? மச்சான், பொண்டாட்டியோட பொறந்தவன். அண்ணன் தம்பிகிட்டக் குடுக்கமாட்டாங்க. அண்ணன் தம்பிக்குச் சொத்துல பங்கு இருக்கு, கை தளரலாம். மச்சான் கை தளந்தா அவன் தங்கச்சி தாலி போயிரும். மச்சான் தயவு இருந்தா மலையேறிப் பொழைக்கலாம்னு சும்மாவா சொன்னான்?

நீ என்ன பண்ணுற? ஊர் பேரு தெரியாத பய எவனோ ரெண்டு நாள் பயிற்சின்னு சொன்னான்னு அவன் கையில கயித்தக் குடுத்துட்டு மேல தொங்குற. அவன் ஒரு கையில செல்போன் வச்சிருக்கான்.

பாதாமியோ ஹம்பியோ, தாராளமாப் போயிட்டு வா. மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போ. இன்னும் கல்யாணம் ஆகலையா? அப்ப மொதல்ல உங்கப்பனப் பொண்ணு பாக்கச் சொல்லு. பொண்ணுக்கு அண்ணன் இருக்கானான்னு மறக்காம விசாரிக்கச் சொல்லு.